பேக்கர் ஸ்ட்ரீட் நிலையச் சுவரில் இருக்கும் அந்த மாடங்கள்

கேள்வி இது: லண்டன் பேக்கர் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையத்தில் 5, 6-ஆம் பிளாட்பாரங்களின் சுவரில் வரிசையாக ஜன்னல் மாதிரி குழிவுகள் இருக்கின்றன, உள்ளே விளக்கு எரிகிறது, அவை எதற்கு? ஒரே நிலையத்தில் 10 பிளாட்பாரங்கள் எப்படி வந்தன? ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஏன் இவ்வளவு ஏறி இறங்க வேண்டியிருக்கிறது?

அந்தக் குழிவுகள் ஒரு காலத்தில் வெயிலும் காற்றும் உள்ளே இறங்கிய வழிகள். இன்று அடைத்துவிட்டார்கள். அகல் வைக்கும் மாடம் போல ஒவ்வொன்றிலும் விளக்கைப் பொருத்தியிருக்கிறார்கள். மற்ற இரண்டு கேள்விக்கும் சுருக்கமான பதில், பேக்கர் ஸ்ட்ரீட் ஒரே நிலையமாகக் கட்டப்பட்டதே இல்லை என்பதுதான். 1863, 1868, 1906, 1939, 1979 என்று வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு தொல்லையைத் தீர்ப்பதற்காக ஒன்றின் பக்கத்திலும் அடியிலும் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். பல வருஷம் அந்த வழியாகப் போய்வந்தவன் நான். எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்று தெரிந்த பிறகு அந்த நிலையம் எனக்குக் குழப்பமாகவே தெரியவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1850-களில் லண்டனில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். நகரத்துக்குள் ரயில் பாதை வரக் கூடாது என்று 1846-இல் ஓர் அரச ஆணையம் சொல்லிவிட்டது. அதனால் வெளியூர்களிலிருந்து வந்த ரயில்கள் பேடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் என்று நகரத்தின் வடக்கு விளிம்பிலேயே நின்றுவிட்டன. அங்கே இறங்கியவர்கள் குதிரை வண்டியிலோ நடந்தோதான் உள்ளே போக வேண்டும். வியாபாரமும் வங்கிகளும் இருந்த சிட்டி பகுதிக்கு விடிந்தால் நடந்தே வேலைக்கு வருகிற கூட்டம் வேறு. தெருவெல்லாம் வண்டியும் சாணியுமாக அடைத்துக் கிடந்தது.

இதற்கு வழி தேடி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் சார்ல்ஸ் பியர்சன். சிட்டி மாநகராட்சியின் சட்ட அதிகாரி. ஏழைத் தொழிலாளிகள் நெரிசலான சந்துகளில் கிடக்காமல் ஊருக்கு வெளியே தோட்டம் வைத்த வீடுகளில் குடியிருக்க வேண்டும், குறைந்த கட்டண ரயிலில் வேலைக்கு வந்துபோக வேண்டும் என்பது அவர் ஆசை. பணம் புரளாமல் திட்டம் படுத்துக் கிடந்தபோது, மாநகராட்சியே 2 லட்சம் பவுண்டுக்குப் பங்கு வாங்கும்படி செய்தவர் அவர்தான். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1,75,000 பவுண்டு போட்டது. இப்படி உருவானதுதான் மெட்ரோபாலிட்டன் ரயில்வே. உலகத்தின் பல மொழிகளில் இன்று 'மெட்ரோ' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்தக் கம்பெனியின் பெயரும் இருக்கிறது. பியர்சன் 1862 செப்டம்பரில் இறந்துபோனார். பாதை திறக்க அப்போது நான்கு மாதம்கூட இல்லை.

1860-இல் வேலை தொடங்கியது. தலைமைப் பொறியாளர் ஜான் ஃபௌலர். முறை எளிமையானது: தெருவைத் தோண்டு, இரண்டு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பு, மேலே வளைவு கட்டு, மண்ணைப் போட்டு மூடித் தெருவைத் திருப்பிக் கொடு. மேரில்போன் சாலைக்கு நேர் கீழே பாதை ஓடுவதற்கும் இதுதான் காரணம். வீடுகளுக்கு அடியில் போனால் நஷ்டஈடு கட்டி மாளாது, சாலைக்கு அடியில் போனால் அந்தச் செலவு குறைவு. கிழக்கே ஃபாரிங்டன் பக்கம் அப்படிச் சாலை அமையவில்லை. அங்கே ஏழைகளின் குடியிருப்புகளை இடித்துத்தான் வழி செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அவர்களுக்கு மாற்று இடம் என்று எதுவும் கொடுக்கப்படவில்லை. பியர்சன் யாருக்காகப் பேசினாரோ அவர்கள் தலையிலேயே இது விழுந்தது என்பதை நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன்.

1862 ஜூனில் ஃப்ளீட் சாக்கடை உடைந்து, கட்டி முடித்த சுரங்கத்துக்குள் கழிவுநீர் புகுந்தது. அதையும் இறைத்துக் கொட்டிவிட்டு வேலையை முடித்தார்கள். 1863 ஜனவரி 9-ஆம் தேதி விருந்தினர்களுக்கான ஓட்டமும் விருந்தும் நடந்தன. மறுநாள் சனிக்கிழமை பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பேடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை சுமார் 6 கிலோமீட்டர், ஏழு நிலையங்கள். பேக்கர் ஸ்ட்ரீட் அதில் ஒன்று. முதல் நாளே 38,000 பேர் ஏறினார்கள். உலகத்தில் பயணிகளுக்காக ஓடிய முதல் சுரங்க ரயில் பாதை இதுதான். மூன்றாம் வகுப்புக்கு 3 பென்ஸ், இரண்டாம் வகுப்புக்கு 4, முதல் வகுப்புக்கு 6. அடுத்த வருஷமே தொழிலாளிகளுக்காக அதிகாலை ரயில்கள் வந்தன, அவற்றில் போக வர இரண்டுக்கும் சேர்த்தே 3 பென்ஸ். பியர்சனின் ஆசையில் அந்தப் பகுதியாவது நிறைவேறியது.

இப்போது மாடங்களுக்கு வருகிறேன்.

1863-இல் மின்சார ரயில் கிடையாது. நிலத்துக்கு அடியில் ஓடியது நீராவி இன்ஜின். மூடிய இடத்தில் கரியை எரித்தால் என்ன ஆகும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஃபௌலர் நெருப்பில்லாத இன்ஜின் ஒன்றைச் செய்து பார்த்தார். செங்கற்களைப் பழுக்கச் சூடாக்கி உள்ளே வைத்து, அந்தச் சூட்டிலேயே சுரங்கத்துக்குள் நீராவி கிளப்புவது என்பது யோசனை. சோதனையில் அது தேறவில்லை. பின்னாளில் அதற்கு 'ஃபௌலரின் ஆவி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். முதலில் இன்ஜினும் பெட்டியும் கொடுத்து ஓட்டியது கிரேட் வெஸ்டர்ன். அவர்களுடைய தண்டவாளம் 7 அடிக்கும் கால் அங்குலம் கூடுதலான அகலப் பாதை. மற்றவர்களுடையது 4 அடி 8½ அங்குலம். அதனால் இரண்டு வகை ரயிலும் ஓடும்படி மூன்று தண்டவாளம் போட்டிருந்தார்கள். பேடிங்டன் பக்கத்துச் சுரங்கம் இன்றும் தாராளமான அகலத்தில் இருப்பதற்கு அந்த அகலப் பாதை ஒரு காரணம். சில மாதத்திலேயே இரண்டு கம்பெனிக்கும் சண்டை வந்தது. 1863 ஆகஸ்டில் கிரேட் வெஸ்டர்ன் தன் வண்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மெட்ரோபாலிட்டன் கிரேட் நார்தர்ன் ரயில்வேயிடம் கடன் வாங்கிச் சமாளித்துவிட்டு, 1864-இல் மான்செஸ்டரின் பேயர் பீக்காக் ஆலையிலிருந்து 18 இன்ஜின்களைச் சொந்தமாக இறக்கியது. சுரங்கத்துக்குள் போகும்போது, சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்கு விடாமல் குழாய் வழியாகப் பக்கத் தொட்டித் தண்ணீருக்குள் திருப்பிவிடுவார்கள். அதில் நீராவி அடங்கும், புகை அடங்காது. அந்த வகை இன்ஜின்களில் 23-ஆம் எண் மட்டும் தப்பி, இன்று லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பக்கத்தில் போய் நின்றால் சிலிண்டரிலிருந்து தொட்டிக்கு ஏறும் அந்தத் தடித்த குழாயைப் பார்க்கலாம். இந்தக் கதை முழுவதையும் அந்த ஒரு குழாயை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்தப் புகைக்கும் இருட்டுக்கும் நிலையம் கட்டியவர்கள் கண்ட வழிதான் நீங்கள் பார்த்த குழிவுகள். மற்ற சில நிலையங்களுக்குத் திறந்த பள்ளமும் மேலே கண்ணாடிக் கூரையும் கிடைத்தன. பேக்கர் ஸ்ட்ரீட்டும் கோவர் ஸ்ட்ரீட்டும் (இன்றைய யூஸ்டன் ஸ்கொயர்) சாலைக்கு நேர் அடியில் மாட்டிக்கொண்டவை. நடுவில் துளைக்க முடியாது, மேலே வண்டிகள் ஓடுகின்றன. அதனால் செங்கல் வளைவின் இரண்டு தோள்களிலும் சாய்வாகத் துளைத்துச் சாலையோரம் வரை மேலே கொண்டுபோனார்கள். அந்தத் துளைகளின் உட்புறத்தில் வெள்ளைப் பீங்கான் ஓடு பதித்தார்கள். மேலே விழுகிற வெளிச்சம் அந்த வழவழப்பில் பட்டுப் பட்டுக் கீழே பிளாட்பாரத்துக்கு வந்து சேரும். 5-ஆம் பிளாட்பாரத்தில் ஒரு மாடத்துக்கு எதிரே நின்று பாருங்கள். அதன் அடித்தளம் மட்டமாக இருக்காது, உங்களை நோக்கிச் சரிந்து இறங்கும். சும்மா அழகுக்குக் கட்டிய மாடமானால் அந்தச் சரிவு வேண்டியதில்லை. வெளிச்சம் வழிந்து இறங்குவதற்காக வைத்த சரிவு அது.

காகிதத்தில் இது நன்றாகத்தான் இருந்தது. கூட்டம் கூடக் கூட, ரயில்கள் கூடக் கூட, இந்தத் துளைகள் போதவில்லை. பின்னாளில் கிங்ஸ் கிராஸுக்கும் எட்ஜ்வேர் ரோடுக்கும் இடையே சாலையிலேயே புகைத் துளைகளைத் திறக்க வேண்டிவந்தது. 1887 ஜூனில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆர். டி. புளூமென்ஃபெல்ட் இதே பேக்கர் ஸ்ட்ரீட்டில் ஏறி மூர்கேட் வரை போனார். பெட்டிக்குள் ஆளுக்கொரு புகையிலைக் குழாய், வெளியே கந்தகப் புகை, அது நுழையாமல் இருக்க எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கிறது, தலைக்கு மேல் விளக்கின் நாற்றம். நரகம் எப்படி இருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டதாகவே எழுதி வைத்தார். ரயிலில் வருகிறவர் ஒரு நாள் மூச்சுத் திணறினார் என்றால், அங்கேயே வேலை பார்த்த சிக்னல்காரர்களையும் போர்ட்டர்களையும் நினைத்துப் பாருங்கள். 1897-இல் அரசின் வர்த்தக வாரியம் இந்தச் சுரங்கக் காற்றைப் பற்றி விசாரணைக் குழுவே போட்டது. குழு இன்னும் துளைகள் வேண்டும் என்றது. அதற்குள் மின்சாரம் வந்துகொண்டிருந்தது.

அதற்கு முன் 1868-க்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் 1 முதல் 4 வரையிலான பிளாட்பாரங்கள் ஏன் வேறு திசையில் திரும்பி நிற்கின்றன என்பது புரியாது. முதல் பாதை கிழக்கு மேற்காக ஓடியது. 1868 ஏப்ரல் 13-ஆம் தேதி பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து வடக்கே ஸ்விஸ் காட்டேஜ் வரை ஒரு சின்னக் கிளை திறந்தார்கள். பெரும்பகுதி ஒற்றைத் தடம். அதற்கென்று பழைய நிலையத்தை ஒட்டித் தனிப் பிளாட்பாரங்கள் கட்டினார்கள். கிளையிலிருந்து நேராக சிட்டிக்கு ரயில் விட்டுப் பார்த்தார்கள். மூல பாதையிலேயே நெரிசல், சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். அப்புறம் நெடுங்காலம் எல்லாரும் பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்கி மாறித்தான் போக வேண்டியிருந்தது. நீங்கள் கேட்ட ஏறி இறங்கும் வேலை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இந்தச் சின்னக் கிளையைப் பெரிய பாதையாக்கியவர் 1872-இல் கம்பெனித் தலைவரான எட்வர்ட் வாட்கின். சாதாரணக் கனவு காண்கிறவர் இல்லை அவர். மான்செஸ்டரிலிருந்து பேக்கர் ஸ்ட்ரீட் வழியாக, ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் சுரங்கம் போட்டு, பாரீஸ் வரை ரயில் விட வேண்டும் என்பது அவர் எண்ணம். கால்வாய்ச் சுரங்கத்துக்கு ஒத்திகைத் தோண்டலும் தொடங்கினார், ராணுவத்தின் அச்சத்தால் அரசு நிறுத்தியது. ஆனால் வடக்குப் பாதை வளர்ந்துகொண்டே போனது: 1880-இல் ஹேரோ, 1887-இல் ரிக்மன்ஸ்வொர்த், 1892-இல் எய்ல்ஸ்பரி. அதையும் தாண்டி வெர்னி ஜங்ஷன் வரை போய்விட்டது. பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து அது 80 கிலோமீட்டருக்கு மேல். நகரத்துக்குள் 6 கிலோமீட்டர் ஓடப் பிறந்த சுரங்க ரயில் வயல்வெளியில் போய் நின்றது. கூட்டநெரிசலில் 2-ஆம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது இதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய மெட்ரோபாலிட்டன் லைன் ரயில் எய்ல்ஸ்பரி வரை போவதில்லை. அமர்ஷாம், செஷம் வரை போகிறது, அதுவே லண்டன் எல்லையைத் தாண்டி வெளியேதான்.

மின்சாரத்துக்கு மாறுவதில் நடந்த சண்டையை மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தண்டவாளத்தில் அதன் முடிவை இன்றும் பார்க்கலாம். நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றி வரும் உள்வட்டப் பாதையை மெட்ரோபாலிட்டனும் டிஸ்ட்ரிக்ட் ரயில்வே என்ற இன்னொரு கம்பெனியும் சேர்ந்து ஓட்டின. மெட்ரோபாலிட்டனுக்கு புடாபெஸ்டின் கான்ஸ் நிறுவனம் சொன்ன மாறுமின்னோட்ட முறை பிடித்திருந்தது, கம்பி மேலே போகும். டிஸ்ட்ரிக்ட்டை வாங்கியிருந்த அமெரிக்கர் சார்ல்ஸ் யெர்க்ஸ் நேர்மின்னோட்டம்தான் என்று நின்றார். வழக்கு மத்தியஸ்தத்துக்குப் போய் 1901-இல் யெர்க்ஸ் பக்கம் தீர்ந்தது. லண்டன் சுரங்க ரயில் பாதையில் இன்றும் நான்கு தண்டவாளம் இருக்கும். இரண்டு சக்கரத்துக்கு, ஒன்று ஓரத்தில், ஒன்று நடுவில். பின்னிரண்டும் மின்சாரத்துக்கு. 1905 ஜனவரி 1-ஆம் தேதி பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து அக்ஸ்பிரிட்ஜுக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே வருஷம் உள்வட்டமும் மாறியது. புகை போயிற்று. துளைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அடுத்த வருஷமே நிலையத்துக்கு அடியில் இன்னொரு நிலையம் வந்தது. இது வேறு இனம். தெருவைக் கிழிக்காமல், ஆழத்தில் களிமண்ணைக் குடைந்து இரும்பு வளையங்களைப் பொருத்திக்கொண்டே போகும் குழாய்ச் சுரங்கம். லண்டனில் எல்லாவற்றையும் 'டியூப்' என்று சொல்லிவிடுகிறார்கள். கணக்காகப் பார்த்தால் குழாய் என்பது இந்த ஆழமானவை மட்டும்தான். வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள பேக்கர் ஸ்ட்ரீட்டை விட நல்ல இடம் இல்லை. 5-இல் வரும் ரயில் சாதாரண ரயில் போல உயரமாக, சுவர் நேராக இருக்கும். 8-க்கு இறங்கிப் போனால் வரும் ரயிலின் தோள் வளைந்திருக்கும், உயரமானவர் கதவருகே தலை குனிந்து நிற்பார். நீராவி இன்ஜினுக்கும் அகலப் பாதைக்கும் இடம் விட்டுக் கட்டியது முதலாவது. மின்சாரம் வந்த பிறகு, தோண்டும் செலவை மிச்சம் பிடிக்க ரயில் நுழைகிற அளவு மட்டும் துளைத்தது இரண்டாவது.

அந்தக் குழாய்ப் பாதையின் பணக் கதை சோகமானது. முதலில் பணம் போட்டவர் விட்டேக்கர் ரைட் என்ற கனிமச் சுரங்கப் பங்கு வியாபாரி. கணக்கைத் திருத்தித் திருத்தி வைத்திருந்த அவருடைய நிறுவனம் 1900 டிசம்பரில் கவிழ்ந்தது, பாதை வேலை பாதியில் நின்றது. 1904 ஜனவரியில் மோசடிக்காக 7 வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வந்த சற்று நேரத்தில், நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே சயனைடு விழுங்கி இறந்தார். கைவிட்ட பாதையை வாங்கி முடித்தவர் அதே யெர்க்ஸ். அவரும் திறப்பைப் பார்க்கவில்லை, 1905 டிசம்பரில் இறந்துவிட்டார். 1906 மார்ச் 10-ஆம் தேதி திறந்தது. முழுப் பெயர் பேக்கர் ஸ்ட்ரீட் அண்ட் வாட்டர்லூ ரயில்வே. ஒரு பத்திரிகைக்காரர் இரண்டு ஊர்ப் பெயரையும் ஒட்டி 'பேக்கர்லூ' என்று எழுத, ஜனங்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். கம்பெனியும் சில மாதத்தில் அதை ஏற்றுக்கொண்டது.

மேலே மெட்ரோபாலிட்டன் கம்பெனி 1910-களிலும் 1920-களிலும் தன் பங்கை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தது. கம்பெனியின் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கிளார்க். 1 முதல் 4 வரை நான்கு பிளாட்பாரங்கள் இன்றிருக்கும் வடிவத்தை எடுத்தது இந்தக் காலத்தில்தான். நடுவில் உள்ள 2, 3 வழியாக ரயில்கள் சிட்டிக்குள் போகும். 1, 4 இரண்டும் முட்டுச்சந்து. 2, 3-இலிருந்து கிளம்பும் ரயில் பழைய 1863 பாதையோடு ஒரே மட்டத்தில் குறுக்கிட்டுச் சேர வேண்டும். மேம்பாலமும் கிடையாது, அடிப்பாதையும் கிடையாது. ஒன்று கடக்கும்போது மற்றது நிற்கத்தான் வேண்டும். பிளாட்பாரத்திலிருந்து கிளம்பி சுரங்கத்தின் வாயில் உங்கள் ரயில் காரணமில்லாமல் நிற்பது போலத் தோன்றினால், 1868-இல் போட்ட அந்தச் சந்திப்பில் இன்னொரு ரயில் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் நிலையத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய குடியிருப்பு சில்டர்ன் கோர்ட். இதுவும் கிளார்க் வரைந்தது, 1929-இல் முடிந்தது. எழுத்தாளர்கள் எச். ஜி. வெல்ஸும் ஆர்னால்ட் பென்னட்டும் இங்கே குடியிருந்தார்கள். பென்னட் 1931 மார்ச்சில் டைஃபாய்டு கண்டு இறந்தது இந்தக் கட்டடத்தில்தான். ரயில் கம்பெனி ஏன் வீடு கட்டியது என்று கேட்பீர்கள். பாதைக்காக வாங்கி மிச்சமான நிலத்தை வைத்துக்கொள்ளும் உரிமை மெட்ரோபாலிட்டனுக்குச் சட்டப்படி இருந்தது. மற்ற ரயில் கம்பெனிகள் விற்றாக வேண்டும். அந்த நிலத்தில் வீடு கட்டி விற்று, வாங்கியவர்களைத் தன் ரயிலிலேயே தினமும் ஏற்றியது கம்பெனி. 1915 முதல் 'மெட்ரோ-லேண்ட்' என்ற பெயரில் ஆண்டுதோறும் விளம்பரப் புத்தகம் போட்டது. தோட்டம் வைத்த வீடு, காலையில் ரயில், சிட்டியில் வேலை. பியர்சன் தொழிலாளிக்குக் கேட்டது, 60 வருஷம் கழித்துத் தவணை கட்ட வசதியுள்ள நடுத்தர வர்க்கத்துக்குக் கிடைத்தது.

மெட்ரோபாலிட்டன் பிளாட்பாரங்களின் பக்கம் முதல் உலகப் போரில் இறந்த கம்பெனி ஊழியர்கள் 137 பேருக்கு ஒரு பளிங்கு நினைவுக்கல் இருக்கிறது. அவசரத்தில் எல்லாரும் கடந்துபோகிற இடம். ஒரு முறையாவது நின்று பெயர்களைப் படியுங்கள்.

1933-இல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே பொதுப் போக்குவரத்து வாரியத்தின் கீழ் வந்தன. மெட்ரோ-லேண்டில் குடியேறிய அத்தனை பேரும் காலையில் வந்து மாட்டிக்கொண்ட இடம் ஃபின்ச்லி ரோடுக்கும் பேக்கர் ஸ்ட்ரீட்டுக்கும் இடையே இருந்த இரட்டைத் தடச் சுரங்கம். வெளியே நான்கு தடத்தில் வருகிற ரயில்கள் அங்கே இரண்டில் நுழைய வேண்டும். புட்டியின் கழுத்து மாதிரி. 1939 நவம்பரில் இதற்குத் தீர்வு வந்தது. பேக்கர்லூவின் ஆழத்திலிருந்து ஒரு கிளைக் குழாயை ஃபின்ச்லி ரோடு வரை குடைந்து, மெட்ரோபாலிட்டனின் ஸ்டான்மோர் கிளை ரயில்களை அந்த வழியில் திருப்பிவிட்டார்கள். பழைய பாதையில் இருந்த லார்ட்ஸ், மார்ல்பரோ ரோடு நிலையங்கள் மூடப்பட்டன. மெட்ரோபாலிட்டன் ரயிலில் ஃபின்ச்லி ரோடு தாண்டியதும் கண்ணாடிக்கு வெளியே கவனித்தால் மூடிய நிலையங்களின் தடம் இன்னும் தெரியும்.

அது ஒரு நெரிசலைத் தீர்த்து இன்னொன்றை உண்டாக்கியது. வடக்கே இரண்டு கிளை, பேக்கர் ஸ்ட்ரீட்டுக்குத் தெற்கே ஒரே பேக்கர்லூ. இரண்டு கிளை ரயிலும் அதில் இறங்கின. 1970-களில் ஸ்டான்மோர் கிளைக்கென்று தெற்கே தனிச் சுரங்கம் குடைந்தார்கள். முதலில் வைத்த பெயர் ஃப்ளீட் லைன். அரசி எலிசபெத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவையொட்டி ஜூபிலி லைன் என்று மாற்றி 1979 மே 1-ஆம் தேதி திறந்தார்கள். பேக்கர்லூவுக்கு 8, 9, ஜூபிலிக்கு 7, 10. ஒரே திசையில் போகும் இரண்டு ரயிலும் எதிரெதிரே வந்து நிற்கும்படி அமைத்தார்கள். ஒன்றில் இறங்கி நாலு எட்டு வைத்தால் மற்றதில் ஏறலாம். நிலையம் முழுக்க மாறுவதற்குச் சிரமப்படாத ஒரே இடம் அதுதான், ஏனென்றால் மாறுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து கட்டிய ஒரே இடமும் அதுதான்.

ஆக 4 + 2 + 4. லண்டன் சுரங்க ரயிலில் 10 பிளாட்பாரம் உள்ள நிலையம் வேறு கிடையாது.

1980-களில் 5, 6-ஐ மீட்டெடுத்தார்கள். நூறு வருஷத்துக் கரியும் மேல்பூச்சும் விளம்பரத் தட்டிகளும் மறைத்திருந்த செங்கல்லைச் சுத்தம் செய்து, மாடங்களைத் திறந்து காட்டி, வெயில் வந்த இடத்தில் விளக்கை வைத்தார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன், அந்த விளக்கொளி மேலிருந்து சரிந்து இறங்கும் விதம் பழைய கட்டுமானத்தின் நோக்கத்தைக் கெடுக்கவில்லை. 2013 ஜனவரியில் 150-ஆம் ஆண்டு நிறைவுக்கு, 1898-இல் செய்த மெட்ரோபாலிட்டன் 1-ஆம் எண் நீராவி இன்ஜினைப் பழைய பெட்டிகளோடு இதே பாதையில் ஓட்டினார்கள். அன்று பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்குச் சில நிமிஷம் மூச்சு முட்டியது. வளைவுக்கு அடியில் புகை எப்படித் தங்குகிறது, கலைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை அந்தப் படக்காட்சிகளில் பார்க்கலாம்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பெரும்பாலோர் ஷெர்லாக் ஹோம்ஸின் உருவம் பதித்த ஓடுகளையும் வெளியே நிற்கும் சிலையையும் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவற்றோடு 5-ஆம் பிளாட்பாரத்துக்கு இறங்கி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்துவிட்டு வாருங்கள், சுமார் 100 மீட்டர்தான். 1863-இன் குட்டி ரயில்களுக்கு அது தாராளம். இன்றைய ஏழு பெட்டி ரயில் அதைவிட நீளம். மேலே சாலை, இரண்டு பக்கமும் அஸ்திவாரங்கள், பிளாட்பாரத்தை நீட்ட வழியில்லை. அதனால் ரயில் வந்து நிற்கும்போது ஓரத்துக் கதவுகள் சில சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிடும், அவை திறக்காது. உள்ளே அறிவிப்பு சொல்வார்கள், இறங்குகிறவர்கள் அடுத்த கதவுக்கு நகர்வார்கள்.